அணு உலை இரும்பும் பொதுப் பேரேடும்

ஒரு பாத்திரம் வெடித்தாலும், ஒரு பாலம் இடிந்தாலும் நமது நாட்டில் அதற்குக் காரணம் கண்டுபிடிக்கின்ற வேலை வெகு சுலபமானது. "வேளை சரியில்லை" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அத்துடன் விசாரணை முடிந்துவிடும். பிறகு எலுமிச்சம்பழம் கட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் எலுமிச்சம்பழத்தால் சமாளிக்க முடியாத ஒரு இரும்புக் கொப்பரையைப் பற்றி இன்று சிறிது எழுத ஆசைப்படுகின்றோம்.

அணுவைப் பிளந்து மின்சாரம் எடுக்கும் உலைகளில் பெரும்பாலானவற்றுக்கு நடுவில் சுமார் 20 சென்டிமீட்டர் கனமுள்ள எஃகுக் கொப்பரை ஒன்று இருக்கின்றது. அதற்குள் ஏறக்குறைய 300 டிகிரி சூட்டில் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு ஓடுகின்றது. அணு பிளக்கும்போது தெறிக்கின்ற நியூட்ரான் என்னும் துகள்கள் இராப்பகலாய் அந்த எஃகை அடித்து, அதிலுள்ள அணுக்களை இடம் பெயர்த்துக்கொண்டே இருக்கின்றன. இப்படி வருஷக்கணக்கில் அடிபட்ட எஃகு வளைந்து கொடுக்கும் குணத்தை இழந்து, குளிர்ந்த நிலையில் கண்ணாடியைப்போல் பிளக்கும்படியான நிலைக்குப் போகின்றது. என்றாவது ஒரு நாள் ஆபத்துச் சமயத்தில் குளிர்ந்த தண்ணீரைத் திடீரென்று உள்ளே விட நேர்ந்தால், அப்போது கொப்பரை தாங்குமா என்பதுதான் கேள்வி. உலையில் மற்ற எத்தனையோ உறுப்புகளை மாற்றுகின்றார்கள். இதை மட்டும் மாற்றுவதில்லை. இது போனால் உலையே போனது மாதிரிதான்.

இதற்கு அவர்கள் ஜாதகம் பார்க்கவில்லை. அதே எஃகில் 55 மில்லிமீட்டர் நீளமும் 10 மில்லிமீட்டர் சதுரமுமான சிறு துண்டுகளை வெட்டி, 2 மில்லிமீட்டர் ஆழம் கீறிவிட்டு, உலைக்குள்ளேயே சுவரைவிட நெருப்புக்குச் சமீபத்தில் வைத்துவிடுகின்றார்கள். சமீபத்தில் இருப்பதால் துண்டுக்கு மூப்பு முன்னதாகவே வந்துவிடுகின்றது. சில வருஷங்களுக்கு ஒரு முறை வெளியே எடுத்து, ஊசலாடும் சம்மட்டியால் அடித்து உடைத்து, எந்தச் சூட்டில் எவ்வளவு பலத்துக்கு உடைந்தது என்று குறித்துக்கொள்ளுகின்றார்கள். 1901இல் சார்ப்பி என்னும் பிரெஞ்சு என்ஜினீயர் இந்தச் சோதனையை ஒழுங்குபடுத்தியதால் அவர் பெயரே அதற்கு வழங்குகின்றது. வருங்காலத்தைச் சொல்லுகின்ற வித்தைதான்; ஆனால் சொன்னது பொய்யானால் துண்டே காட்டிக் கொடுத்துவிடும். நமது ஜோசியர்களிடம் அப்படிப்பட்ட துண்டு ஒன்றும் கிடையாது.

நிற்க, ஒரு உலையில் இப்படிக் கிடைக்கும் புள்ளிகள் விரல்விட்டு எண்ணக் கூடியவைதான். எஃகில் கலந்துள்ள செம்பு எவ்வளவு, நிக்கல் எவ்வளவு, சூடு எவ்வளவு, நியூட்ரான் எவ்வளவு என்பதையெல்லாம் தனித்தனியே பிரித்தறிய அவை போதவே போதாது. ஆகவே பல உலைகளின் கணக்கை ஒரே பேரேட்டில் ஏற்றவேண்டியதாயிற்று. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிசாலையும், பல தேசங்களுக்குப் பொதுவாய்ச் சர்வதேச அணுசக்தி முகமையும் அப்படிப்பட்ட பேரேடுகளை உண்டாக்கின. சில உலைகளில் உபயோகிக்கும் கிராபைட் கரிக்கும் தனியே ஒரு பேரேடு உண்டு.

பேரேடு இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப்போகும் என்று கேட்பவர்களுக்கு யாங்கீ ரோ உலையின் கதையைச் சொல்லுவோம். அது மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 1960இல் ஓடத் துவங்கியது. ஆயுளை நீட்டிக்க முன்வந்த முதல் உலைகளில் அதுவும் ஒன்று. "அப்படியானால் கொப்பரையின் வெல்டிங் இணைப்பில் செம்பு எவ்வளவு இருக்கின்றது?" என்று கேள்வி பிறந்தது. பதில் சொல்ல ஆளில்லை, காகிதமும் இல்லை. அந்தக் காலத்தில் வெல்டிங் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க அதற்குச் செம்பு முலாம் பூசுவது வழக்கம். அந்தச் செம்பு இணைப்புக்குள் கலந்து, பிற்காலத்தில் எஃகை நொறுங்கச் செய்யும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. நினைக்காதது குற்றமல்ல. ஆனால் எந்தக் கம்பியில் என்ன இருந்தது என்று எழுதி வைக்காததன் பலன், 1991 அக்டோபரில் உலையை நிறுத்தி, 1992இல் ஒரேயடியாய் மூடும்படி ஆயிற்று. கொப்பரை கெட்டது என்று யாரும் ருஜுப்படுத்தவில்லை. கெடவில்லை என்று ருஜுப்படுத்தவும் யாராலும் முடியவில்லை! அதே 1992இல் அந்நாட்டு அணு ஒழுங்குமுறைக் கமிஷன் எல்லா உலைக்காரர்களுக்கும் கடிதம் எழுதி, அவரவர் கொப்பரையின் விபரத்தைக் கேட்டு வாங்கித் தொகுக்க வேண்டியதாயிற்று.

இனிப் பேரேட்டை உண்டாக்குவது ஒரு வேலை என்றால், அதைக் காப்பாற்றுவது பத்து வேலை. மேல்நாட்டார் நியூட்ரானை எண்ணும்போது ஒரு மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட வேகமுள்ளதை மாத்திரம் எண்ணுவார்கள். ரஷியர்கள் அரை மில்லியனுக்கு மேற்பட்டதையெல்லாம் எண்ணுவார்கள். பட்டணம்படியையும் ஊர்ப்படியையும் கலந்து நெல் அளந்த கதைதான். எந்தப் படி என்று குறிக்காத எண் பேரேட்டில் இருப்பதைவிட இல்லாதிருப்பதே மேல். துண்டு எந்த இணைப்பிலிருந்து வெட்டியது, எந்தச் சூட்டில் இருந்தது, யார் எந்த விதிப்படி உடைத்தார் என்பவை கூடவே இருக்க வேண்டும். பிழை கண்டால் திருத்தி, திருத்தியதையும் எழுத வேண்டும். இந்தக் குமாஸ்தா வேலைக்கு மாலை மரியாதை கிடையாது. திறப்பு விழாவுக்கு வரும் மந்திரிமார் யாரும் இதைப் பார்க்க வருவதுமில்லை.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கின்றது. "எங்கள் எண், எங்கள் வியாபார ரகசியம்" என்று பூட்டி வைக்கின்ற கம்பெனிகள் உண்டு. புள்ளி கொடுத்தவர்களுக்கு மாத்திரம் திறந்து காட்டுவது என்ற ஏற்பாடும் சில பேரேடுகளில் உண்டு. கொடுத்தவன் பார்க்கட்டும் என்பதில் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் கொப்பரைக்குப் பக்கத்து ஊரில் குடியிருக்கின்றவன் என்ன கொடுக்கவில்லை? அவன் தன் உயிரையல்லவா பந்தயம் வைத்திருக்கின்றான்? வேதத்தைக் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்ற தர்மத்துக்கும், எண்ணைக் கேட்டால் ரகசியம் என்கின்ற தர்மத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்கின்றோம். தப்பிய எண்ணையும் பொருந்தாத எண்ணையும் மறைத்து, பலித்ததை மாத்திரம் காட்டுகின்றவன் கையில் என்ஜினீயர் பட்டம் இருந்தாலும் அவனும் ஜோசியனே ஆவான்.

நமது கூடங்குளத்தில் முதல் உலை 2013இல் எரியத் துவங்கிற்று. அது ரஷிய மாதிரியான எஃகுக் கொப்பரை உலை. பொதுஜனங்களின் பணத்தில் கட்டியது. அங்கே உடைக்கின்ற ஒவ்வொரு துண்டின் கணக்கும், எந்தப் படியால் அளந்தது என்ற குறிப்போடு, உலகப் பேரேட்டிலும் ஏறவேண்டும். தமிழிலும் அச்சாக வேண்டும் என்பது நமது கோரிக்கை.

மூடிய உலைகளிலிருந்தும் இன்று கணக்கு எடுக்கின்றார்கள். சிகாகோவுக்கு வடக்கே ஸையான் என்று ஒரு ஊர். மருந்து வேண்டாம், பிரார்த்தனையே போதும் என்று பிரசாரம் செய்த டவுயி என்னும் பாதிரியார் 1901இல் உண்டாக்கிய ஊர் அது. அங்கே 1998இல் மூடப்பட்ட உலையின் கொப்பரைச் சுவரையே வெட்டியெடுத்து, அத்தனை வருஷம் அடிபட்ட எஃகு உள்ளே எப்படி மாறியிருக்கின்றது என்றும், துண்டுகளை வைத்துப் போட்ட கணக்கு சுவரோடு ஒத்துவருகின்றதா என்றும் ஓக் ரிட்ஜ்காரர்கள் சோதித்து வருகின்றார்கள்.