மனோவசியம் டாக்டருக்குத் தெரிந்தே நடக்கட்டும்

கிழக்கேகோட்டையிலும் சாலைக் கடைத்தெருவிலும் பிழைக்க வந்த தமிழர்களுக்குத் தூக்கமின்மை, காரணமற்ற பயம், குடியை விட முடியாத தவிப்பு என்று எது வந்தாலும் ஊளம்பாறை என்ற பெயரைக் கேட்டாலே கூச்சம். 1870இல் தொடங்கிய அந்த மனநல ஆஸ்பத்திரியின் பெயர் இவ்வூரில் கேலிச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஆகவே, ஹிப்னாடிசத்தால் ஒரே நாளில் குணம் என்று யாராவது சொன்னால் அங்கே ஓடுகிறார்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையும், வாரந்தோறும் உட்கார்ந்து பேசிவந்த சிகிச்சையும் அன்றோடு நின்றுபோகின்றன. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

மனோவசியம் புரட்டு அல்ல. குளோரோபாரம் வருவதற்கு முன்பே, 1845இல், வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற வெள்ளைக்கார டாக்டர் இந்த முறையில் நோயாளியை மயக்கிக் கட்டிகளை அறுத்தெடுத்தார். திருவல்லாவில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூரும் இதைக் கையாண்டவர். அவருடைய அனுபவக் குறிப்பே 1972இல் மலையாளத்தில் 'புனர்ஜன்மம்' படமாயிற்று. அடுத்த ஆண்டு தமிழில் 'மறுபிறவி' வந்தது. சினிமாவில் இரண்டரை மணி நேரத்துக்குள் நோய் தீர்ந்தாக வேண்டும். ஆஸ்பத்திரியில் அந்த அவசரம் இல்லை.

1995இல் அமெரிக்காவில் இர்விங் கிர்ஷ் முதலியோர் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தனர். பேச்சு சிகிச்சையோடு மனோவசியமும் பெற்ற சராசரி நோயாளி, அச்சிகிச்சையை மட்டும் பெற்றவர்களில் 70 சதவீதம் பேரைவிட நன்றாகத் தேறியிருந்தார். பிற்பாடு வந்த ஆய்வுகளில் பலன் இவ்வளவு பெரிதாக இல்லை, ஆனாலும் உண்டு. 'சேர்த்து' என்பதைத்தான் விளம்பரக்காரர்கள் விழுங்கிவிடுகிறார்கள்.

நோயாளியின் முழுக்கதையும் தெரிந்தவர் முதல் டாக்டர்தான். காதில் குரல் கேட்பவரை மயக்கத்தில் ஆழ்த்துவது நோயைக் கிளறிவிடலாம். மயக்கத்தில் கற்பனையாகத் தோன்றியது, விழித்தபின் உண்மை ஞாபகம்போல் ஒட்டிக்கொள்வதும் உண்டு. (முற்பிறவி வியாபாரம் நடப்பது இதை வைத்துத்தான்.) ஆகையால், நோயாளியின் சம்மதத்தோடு மனோவசியம் செய்பவர் அந்த டாக்டருடன் பேசியாக வேண்டும். மறுப்பவரிடம் பணம் கட்டாமல் திரும்பிவிடலாம்.

இன்னொன்று: மனோவசியத்துக்கு மருந்தே சொல்தான். திருநெல்வேலியிலிருந்து வந்த சுமைதூக்கும் தொழிலாளிக்குக் கடையில் பேச மலையாளம் போதும். கண்ணை மூடி மனதைத் தளர்த்த அது போதாது. தமிழர் இத்தனை பேர் வாழும் நகரின் அரசு ஆஸ்பத்திரிகளில் தமிழ் பேசும் மனநல ஆலோசகரை நியமிக்கக் கேட்பது நியாயமே. அதுவரை, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசியில் தமிழிலும் பேசலாம்.