பள்ளிச் செய்தி பெற்றோருக்குப் புரிய வேண்டாமா?

ஜனவரியின் முதல் பாதி தில்லிப் பள்ளிகளுக்குப் பெரும்பாலும் குளிர்கால விடுமுறை. பொங்கல் முடிந்து பள்ளி திறக்கும்போதும் மூடுபனி விலகியிருப்பதில்லை. ஸ்வெட்டரும் குல்லாயுமாகப் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்புகிறார்கள். மார்ச் மாதத் தேர்வுக்கு அப்போது எஞ்சியிருப்பது ஏறக்குறைய இரண்டே மாதம். இதுவரை நடந்த பாடங்களில் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் இதுதான். பிழைப்புக்காகத் தலைநகருக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் பலரின் வீடுகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேராமல் நின்றுவிடுவதும் இந்தக் காலத்தில்தான்.

பள்ளிகள் செய்தியே அனுப்புவதில்லை என்று சொல்ல முடியாது. முன்பு நோட்டுப் புத்தகத்தில் எழுதி அனுப்பியது இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. ஹிந்தியில் வருகிறது, சில பள்ளிகளிலிருந்து ஆங்கிலத்தில் வருகிறது. காண்டீனில் சமையல் வேலை பார்க்கும் தந்தைக்கு ஹிந்தி பேச வரும், படிக்க வராது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வரும் தாய்க்கும் அப்படித்தான். ஆகவே போனைப் பிள்ளையிடமே நீட்டி, "டீச்சர் என்ன எழுதியிருக்காங்க, படிச்சுச் சொல்லு" என்கிறார்கள். "கணக்கில் பின்தங்கியிருக்கிறான், பெற்றோர் வந்து பார்க்கவும்" என்று எழுதியிருந்தால் அதை எட்டு வயதுப் பையன் எப்படிப் படித்துக் காட்டுவான்? "நாளைக்குக் கலர் பென்சில் கொண்டுவரச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவான். அவனைக் கோபித்துப் பயனில்லை. தன் மீதான புகாருக்குத் தன்னையே மொழிபெயர்ப்பாளராக வைத்தால் பெரியவர்களும் அதைத்தான் செய்வார்கள்.

மற்ற மாதங்களில் இந்தக் குறையை ஓரளவு சமாளிக்கலாம். வாசலில் பிள்ளையை அழைக்கப் போகும்போது ஆசிரியையிடம் இரண்டு வார்த்தை பேச முடியும். குளிர்காலத்தில் வாசலே மூடிக் கிடக்கிறது. 2023 நவம்பரில் காற்று மாசு காரணமாகக் குளிர்கால விடுமுறையின் ஒரு பகுதி முன்கூட்டியே விடப்பட்டது. 2024 ஜனவரியில் கடுங்குளிர் காரணமாக ஐந்தாம் வகுப்பு வரை விடுமுறை 12-ஆம் தேதி வரை நீண்டது. அதே ஆண்டு நவம்பரில் மாசு மீண்டும் மிகுந்தபோது தொடக்க வகுப்புகள் இணையவழிக்கு மாறின. வீட்டில் இருப்பது ஒரே போன். அதுவும் காலையில் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். அத்தகைய வீட்டில் இணையவழி வகுப்பு என்பது இன்னொரு விடுமுறை, அவ்வளவுதான்.

இதோடு பொங்கல் பயணமும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்குப் போகிறவர்கள் காணும் பொங்கலையும் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுவார்கள். சென்னையிலிருந்து தில்லிக்கு இரண்டு இரவுப் பயணம். மூடுபனியில் வண்டி எப்போது வந்து சேரும் என்பது சொந்தப் பொறுப்பு. பள்ளி திறந்து ஒரு வாரம் கழித்துப் பிள்ளை வகுப்புக்குப் போகிறது. அதற்குள் வகுத்தல் கணக்கு பாதி முடிந்திருக்கும். ஊருக்குப் போவது தவறில்லை. தாத்தா பாட்டியின் முகத்தைப் பார்ப்பதும் பிள்ளைக்கு வேண்டியதே. ஆனால் போகுமுன் ஒரு வார்த்தை, திரும்பியதும் ஒரு வார்த்தை ஆசிரியையிடம் சொல்லியிருந்தால், விட்டுப்போன பாடத்தை ஈடுகட்ட வழி பிறந்திருக்கும்.

ஆசிரியர் பெற்றோரைச் சந்தித்துப் பேசுவது ஏதோ சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு அதை ஆசிரியரின் கடமையாக வைத்திருக்கிறது. பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளை ஒழுங்காக வருகிறதா, கற்கும் திறன் எப்படி, என்ன முன்னேற்றம் என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டத்தின் சொல். தில்லி அரசுப் பள்ளிகளில் 2016 ஜூலையிலிருந்து பெரிய அளவில் பெற்றோர்–ஆசிரியர் கூட்டங்களும் நடத்தப்பட்டிருக்கின்றன.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முன்பு எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றிருந்தது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, ஐந்திலும் எட்டிலும் தேறாத பிள்ளைக்கு இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு. அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாம். தில்லியிலும் இந்த வகுப்புகளில் நிறுத்திவைக்க இடமுண்டு. ஜனவரியில் புரியாமல் போன ஒரு செய்தி, ஒரு வருஷத்தை விழுங்கிவிடக் கூடும்.

வீட்டிலிருந்து பள்ளிக்குப் போக வேண்டிய செய்தியும் உண்டு. ஹிந்தியில் 'க' வரிசையில் மூச்சழுத்தத்தாலும் குரலொலியாலும் வேறுபடும் நான்கு எழுத்துகள்; தமிழில் அந்த இடத்தில் ஒரே எழுத்து. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை ஹிந்தி டிக்டேஷனில் ஒன்றுக்கு மற்றொன்றை எழுதினால் ஆசிரியைக்கு அது கவனக்குறைவாகத் தெரியும். "எங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம்" என்று தாய் வந்து சொன்னால் அந்தத் தவறின் வேர் புரியும். தாய்மொழியை இதற்காகக் கைவிட வேண்டியதில்லை. கூடுமானவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

2025 ஜூன் 1 அன்று, நீதிமன்ற உத்தரவின்படி ஜங்புராவை அடுத்த மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களே நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. பழைய இடத்திலிருந்து பஸ்ஸில் எட்டும் தூரத்தில், லோதி எஸ்டேட்டில், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருந்தது. அந்தக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்றுகூட நரேலாவில் இல்லை. புது இடத்தில், புது ஆசிரியையிடம், தமிழ் தெரியாத பள்ளியில் குளிர்காலத்தைக் கழிக்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே பாலம் மிக மிகத் தேவை.

ஆசிரியர்களின் சிரமத்தையும் மறந்துவிடக் கூடாது. தொடக்க வகுப்பில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டத்தின் கணக்கு. நெரிசலான வகுப்பில் ஒவ்வொரு பெற்றோருக்கும் அவரவர் மொழியில் எழுது என்றால் நடக்காது. ஆனால் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு சனிக்கிழமையில் கூட்டம் வைக்கலாம். கூலிக்காரர் காலையிலேயே வந்து பார்த்துவிட்டுப் போக இடம் தரலாம். எழுதி அனுப்புவதையே எளிய ஹிந்தியில் குரல் செய்தியாக அனுப்பலாம். இவற்றுக்குச் செலவு ஏதும் இல்லை.

சனிக்கிழமை என்றால் இன்னொரு வசதியும் உண்டு. மத்திய அரசு அலுவலகங்களுக்கு 1985 முதல் வாரம் ஐந்து நாள்தான் வேலை. ஹிந்தியும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த தமிழ்க் குமாஸ்தாக்கள் இந்த நகரில் நிறைய. தன் பிள்ளையின் கூட்டத்துக்குப் போகும் குமாஸ்தா, பக்கத்துத் தெருவில் இருக்கும் தொழிலாளியையும் உடன் அழைத்துப்போய் ஆசிரியை சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொன்னால் அரை நாள்தான் செலவாகும். விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் தமிழ் அமைப்புகள் ஜனவரியில் இதற்கென நாலு தொண்டர்களை ஒதுக்கினால் அதுவும் தமிழ்ப் பணியே.

பெற்றோர் கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள்தாம். பிள்ளை எத்தனை நாள் வகுப்புக்கு வந்தது? எந்தப் பாடம் புரியவில்லை? மார்ச்சுக்குள் வீட்டில் என்ன செய்ய வேண்டும்? படிப்பில்லாதவர் பள்ளியில் போய் என்ன பேசுவது என்று கூச்சப்பட வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். அந்த நாற்காலியில் உட்காருவதற்குப் பட்டம் எதுவும் கேட்பதில்லை.

ஒரு நாள் கூலி போகும் என்ற தயக்கம் நியாயமானதே. ஆனால் பிள்ளைக்கு ஒரு வருஷம் போனால் அதன் கணக்கு வேறு. இந்தக் குளிர்காலத்தில், வந்த செய்தியைப் படித்துச் சொல்லும் வேலையையாவது பெரியவர்கள் பிள்ளையின் தலையிலிருந்து இறக்கிவைக்க வேண்டும்.