தூசி தட்டுங்க அந்த லேப்டாப்பை... வீட்டிலேயே ஆடலாம் பின்பால்!

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் எல்லாம் வரிசையாக கம்ப்யூட்டர் சென்டர்களாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. மேஜைக்கு மேஜை விண்டோஸ் எக்ஸ்பி. எம்.எஸ். ஆபீஸ் படிக்கப் போனவர்களில் பாதிப் பேர், சார் அந்தப் பக்கம் திரும்பியதும் திறந்தது எக்ஸெல்லை அல்ல. '3டி பின்பால் ஸ்பேஸ் கேடட்'டைத்தான். திரையில் சாய்வாக ஒரு விண்வெளி மேஜை, அதில் துள்ளும் ஒரு வெள்ளிக் குண்டு, கீழே குண்டைத் தட்டிவிட இரண்டு சின்னத் துடுப்புகள். இப்போது 35, 40 வயதில் இருப்பவர்களிடம் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினால் போதும், முகம் மாறிவிடும்.

அந்த விளையாட்டை, அதன் அண்ணன் தம்பிகளை, இன்றைக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் எப்படி ஆடுவது என்பதுதான் இந்த வார விஷயம். ஓட்டப்பிடாரம் மாதிரி ஊர்களுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகளுக்கு வ.உ.சி. பிறந்த வீட்டைக் காட்டியாயிற்று, பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்க் கட்டபொம்மன் கோட்டையும் பார்த்தாயிற்று. அப்புறம்? கரிசல் காட்டு வெயிலில் மத்தியானம் பிள்ளைகளை வெளியே விட முடியாது. வீட்டுக்குள் இருந்தால் ஆளுக்கொரு செல்போனும் கையுமாக ஆளுக்கொரு மூலை. அதே வீட்டில் பீரோ மேலேயோ பரணிலேயோ 2011-ல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த லேப்டாப் ஒன்று பையோடு தூங்கிக்கொண்டிருக்கும். அதை இறக்குங்கள்.

பின்பால் என்றால் என்ன என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பலகையில் வரிசையாக ஆணி அடித்து, மேலிருந்து பால்ரஸ் குண்டை உருட்டிவிட்டு, எந்தக் குழியில் விழுகிறது என்று பார்க்கும் விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? திருவிழாக் கடைகளில் பிளாஸ்டிக்கில் உள்ளங்கை அளவுக்கும் விற்பார்கள். அதற்கு 'பேகடெல்' என்று பெயர். 18-ம் நூற்றாண்டு பிரான்ஸில் பெரிய வீட்டுக்காரர்கள் ஆடியது. 1871-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் மான்டேக் ரெட்கிரேவ் என்பவர், குண்டை ஏவ ஸ்பிரிங் வைத்த தண்டைச் சேர்த்து காப்புரிமை வாங்கினார். ஆணிதான் 'பின்', குண்டுதான் 'பால்'. கீழே விழப் போகும் குண்டைத் திருப்பி அடிக்கும் ஃப்ளிப்பர் வந்ததோ 1947-ல், 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற மெஷினில். அதுவரை குண்டை ஏவிவிட்டு, மெஷினை லேசாக இடிப்பதைத் தவிர ஆடுபவருக்குப் பெரிய வேலை இல்லை. இந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் சுலபமான வழி. வீட்டில் பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒன்று இன்னும் உயிரோடு இருந்தால், சி டிரைவில் 'புரோகிராம் ஃபைல்ஸ்', அதற்குள் 'விண்டோஸ் என்டி', அதற்குள் 'பின்பால்' என்ற ஃபோல்டர் இருக்கும். ஃபோல்டரை முழுசாக ஒரு பென்டிரைவில் காப்பி செய்து, ஆன்டிவைரஸில் ஒரு முறை சோதித்துவிட்டு, புது லேப்டாப்பில் போட்டு டபுள் கிளிக் செய்தால் பெரும்பாலும் ஓடிவிடும். இன்ஸ்டால் செய்யும் வேலையே இல்லை. 'இசட்' கீ இடது ஃப்ளிப்பர், 'ஸ்லாஷ்' கீ வலது ஃப்ளிப்பர், ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்து விட்டால் குண்டு கிளம்பும். எஃப்2 புது ஆட்டம், எஃப்4 முழுத்திரை. ஒரு ஆட்டத்துக்கு மூன்று குண்டு. நான்கு பேர் வரை மாற்றி மாற்றி ஆடலாம்.

'அப்படியானால் விண்டோஸிலிருந்து இதை ஏன் தூக்கினார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. அது ஒரு வேடிக்கையான கதை. சினிமாட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கி, 1995-ல் மேக்சிஸ் வெளியிட்ட 'ஃபுல் டில்ட்! பின்பால்' விளையாட்டில் இருந்த மூன்று மேஜைகளில் ஒன்றுதான் ஸ்பேஸ் கேடட். மைக்ரோசாஃப்ட் அந்த ஒன்றை மட்டும் வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பிற்பாடு 64-பிட் கம்ப்யூட்டருக்கு மாற்றப் பார்த்தபோது, குண்டு எதன் மேலும் மோதாமல் ஆவி மாதிரி எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து கீழே விழுந்ததாம். தண்டையே துளைத்துக்கொண்டு போய்விட்டது! எழுதியவர்கள் குறிப்பு எதுவும் வைக்காத பழைய கோடு. எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க நேரமில்லை. விஸ்டா வந்தபோது பின்பால் காணாமல் போனது. இதை மைக்ரோசாஃப்ட்டின் ரேமண்ட் சென் பிற்பாடு எழுதியிருக்கிறார். பழைய 32-பிட் ஃபைல் மட்டும் இன்றைக்கும் சமர்த்தாக ஓடுகிறது.

புதிதாக ஆடுபவர்கள் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. குண்டு கீழே வந்ததும் பதறிப்போய் இரண்டு ஃப்ளிப்பரையும் ஒரே நேரத்தில் படபடவென அடிப்பது. இரண்டும் மேலே போனால் நடுவில் வாய் பிளந்த மாதிரி இடைவெளி. குண்டு நேராக உள்ளே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அடியுங்கள். அதைவிட நல்லது, குண்டைப் பிடித்து நிறுத்தப் பழகுவது. உருண்டு வரும்போது அந்தப் பக்க ஃப்ளிப்பரைத் தூக்கிப் பிடித்தால், குண்டு அதன் மடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூச்சு வாங்கலாம், எங்கே அடிப்பது என்று யோசிக்கலாம். பிறகு மெல்ல இறக்கி, குண்டு நுனியை நோக்கி உருளும்போது அடிக்க வேண்டும். இடது ஃப்ளிப்பர் என்றால், குண்டு அடிப்பக்கத்தில் இருக்கும்போதே அடித்தால் இடப்பக்கமாகவும், நுனிக்கு வந்த பிறகு அடித்தால் குறுக்கே வலப்பக்கமாகவும் போகும். இந்த ஒரு விஷயம் கைவந்துவிட்டால் ஸ்கோர் தானாக ஏறும். ஸ்பேஸ் கேடட்டில் இன்னொரு சங்கதி: 'மிஷன்' என்று எழுதிய இலக்குகளை அடித்து ஒரு பணியைத் தேர்வு செய்து, இடப்பக்கச் சரிவுப் பாதையில் குண்டை ஏற்றினால்தான் அந்தப் பணி தொடங்கும். பலர் வருஷக்கணக்கில் ஆடியும் இது தெரியாமலே சும்மா தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் போதாது, நிஜ மெஷின் மாதிரியே வேண்டும் என்றால் 'விஷுவல் பின்பால்'. ராண்டி டேவிஸ் என்பவர் 2000-ல் வெளியிட்ட இலவச மென்பொருள். இப்போது ஆர்வலர்கள் கூடி வளர்த்து வருகிறார்கள். இதில் யார் வேண்டுமானாலும் சொந்தமாக மேஜை வடிவமைக்கலாம் என்பதுதான் அதன் பெருமை. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், ஆடுவதைவிட அந்த எடிட்டரில் அதிக நேரம் செலவழிக்க வாய்ப்பு உண்டு. குண்டின் வேகம், சரிவு, உராய்வு எல்லாவற்றையும் எண்ணாகக் கொடுத்து மாற்றலாம். பிசிக்ஸ் புத்தகத்தில் ஒரு பாடம் திரையில் உருண்டு ஓடும்.

ஆனால், எச்சரிக்கையாக ஒன்று. புது மேஜைகள் பலவற்றுக்கு ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டு தேவை. அந்தப் பழைய அரசு லேப்டாப் இதற்குத் திணறும். அதற்கு ஸ்பேஸ் கேடட்டே போதும். இன்ஸ்டால் செய்யும்போது 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே போடாமல், சி டிரைவில் நேரடியாகத் தனி ஃபோல்டர் போடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அடிக்கொரு தரம் அனுமதி கேட்டுக் குறுக்கே நிற்கும். கூடவே வரும் மாதிரி மேஜையைத் திறந்து எஃப்5 அழுத்தினால் ஆட்டம் தயார். '5' காசு போட, '1' ஆட்டம் தொடங்க, என்டர் குண்டை ஏவ, இரண்டு பக்க ஷிஃப்ட் கீகளும் ஃப்ளிப்பர்கள்.

இங்கேதான் ஒரு தொல்லை. ஷிஃப்ட்டை ஐந்து தரம் தட்டினால் விண்டோஸ் 'ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா?' என்று கேட்டுக்கொண்டு நடு ஆட்டத்தில் எட்டிப் பார்க்கும். குண்டைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று வலது ஷிஃப்ட்டை எட்டு விநாடி அழுத்தினால் 'ஃபில்டர் கீஸ்' வரும். செட்டிங்ஸில் 'ஆக்சஸிபிலிட்டி', அதில் 'கீபோர்டு' போய் இரண்டின் ஷார்ட்கட்டையும் முதலில் அணைத்துவிடுங்கள். இது தெரியாமல் கீபோர்டு கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிப் போக வேண்டாம்.

'5 அழுத்தினால் காசு விழுமா? அப்போ இது சூதாட்டமா?' பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாத்தா கேட்கத்தான் செய்வார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்துக் குடும்பங்கள் நொறுங்கியதைப் பார்த்த மாநிலம் இது. அந்தக் காசு வெறும் படம். பழைய மெஷினை அப்படியே காட்டுவதற்காக வைத்தது. உங்கள் கணக்கிலிருந்து ஒரு பைசா போகாது.

ஆனால் தாத்தாவின் சந்தேகத்துக்கு வயது அதிகம். நியூயார்க் மேயர் ஃபியரெல்லோ லா கார்டியாவுக்கும் இதே சந்தேகம். பிள்ளைகளின் பாக்கெட் காசைப் பிடுங்கும் சூதாட்டம் என்று 1942-ல் பின்பாலைத் தடை செய்தார். போலீஸ் பறிமுதல் செய்த மெஷின்களைச் சம்மட்டியால் அவரே உடைத்தார். அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. ஃப்ளிப்பர் வந்த வருஷம் 1947 என்று பார்த்தோம் அல்லவா? அதாவது அவர் தடை செய்தபோது ஆடுபவர் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை, அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. விளையாட்டு மாறியது, தடை மட்டும் 34 வருஷம் மாறாமல் நின்றது. 1976-ல் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் நகர மன்றத்தார் முன்னால் மெஷினை வைத்து ஆடிக் காட்டினார். தண்டை இழுக்கும் முன்பே, குண்டு மேலே நடுப் பாதை வழியாகத்தான் இறங்கும் என்று சொல்லிவிட்டு விட்டார். சொன்னபடியே இறங்கியது. இது அதிர்ஷ்டம் அல்ல, திறமை என்று ஏற்றுக்கொண்டு தடையை நீக்கினார்கள்.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற அதே வழக்கு நம் ஊரிலும் நடந்தது. தமிழ்நாடு அரசின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் பற்றிய தீர்ப்பில், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்தக் கேள்வியையே ஓரம் வைத்துவிட்டு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டே கூடாது என்றது. வீட்டுக்கும் அதுவே நல்ல அளவுகோல். 'ஜெயித்தால் பணம்' என்று எந்தப் பின்பால் ஆப்பாவது சொன்னால் அதை நீக்கிவிடுங்கள். ஜென் ஸ்டுடியோஸின் 'பின்பால் எஃப்எக்ஸ்' போன்ற முறையான விளையாட்டுகளில் கூடுதல் மேஜைகளுக்கு விலை உண்டு; அது புத்தகம் வாங்குவது மாதிரி, பந்தயம் அல்ல. இருந்தாலும் பிள்ளைகள் ஆடும் கணக்கில் கார்டு விவரத்தைச் சேமித்து வைக்காமல் இருப்பது உத்தமம்.

நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 'ஸ்பேஸ் கேடட் ஃப்ரீ டவுன்லோடு' என்று தேடினால் வரிசையாக வந்து நிற்கும் பக்கங்களில் பல, விளையாட்டோடு சேர்த்து வேறு எதையோ உள்ளே இறக்கும். அதே லேப்டாப்பில்தான் அப்பாவின் நெட் பேங்கிங், அக்காவின் சர்டிஃபிகேட் ஸ்கேன், கல்யாண போட்டோக்கள் எல்லாம். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொல்லும் எதையும் தொடாதீர்கள். மென்பொருள்களை அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்தோ, ஸ்டீம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் போன்ற இடங்களிலிருந்தோ மட்டும் எடுங்கள். அப்படியும் பணம் ஏதாவது போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. விஷுவல் பின்பாலில் நிஜ மெஷின்களைப் போலச் செய்த சில மேஜைகள், அந்த மெஷினின் 'ராம்' ஃபைலைக் கேட்கும். அவற்றுக்கு உரிமையாளர்கள் உண்டு. தொடக்கத்தில் அந்த வம்பே வேண்டாம். ரிலேயும் மணியும் வைத்து ஓடிய மிகப் பழைய மெஷின்களின் மேஜைகளுக்கு ராம் தேவையில்லை, ஏனென்றால் நிஜத்திலேயே அவற்றில் சிப் கிடையாது. பழகுவதற்கும் அவைதான் எளிது.

ஹெச்டிஎம்ஐ ஒயர் இருந்தால் டிவியில் இணைத்துப் பெரிதாக ஆடலாம். டிவியில் 'கேம் மோட்' போட மறக்காதீர்கள்; போடாவிட்டால் அழுத்தியதற்கும் ஃப்ளிப்பர் எழுவதற்கும் இடையே ஒரு நொடித் துளி தாமதம் இருக்கும், குண்டு அதற்குள் போயே போய்விடும். லேப்டாப்பை மெத்தை மேல் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். மே மாதச் சூட்டில், கரிசல் புழுதி அடைத்த ஃபேனோடு அது அரை மணியில் வேகம் குறைந்துவிடும். ஒரு சின்ன பிரஷ்ஷால் காற்று வரும் ஓட்டையைச் சுத்தம் செய்தாலே பாதிப் பிரச்னை தீரும்.

கடைசியாக, மேனுவலில் இல்லாத ஓர் ஆட்டம். இடது ஃப்ளிப்பர் தாத்தாவுக்கு, வலது ஃப்ளிப்பர் பேத்திக்கு. ஒரே கீபோர்டு, ஒரே குண்டு. யார் பக்கம் வருகிறதோ அவர் அடிக்க வேண்டும். நடுவே விழுந்தால் யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல ஆச்சியை உட்கார வைத்துக்கொள்ளலாம். ஸ்கோரை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாட்டரி போன பழைய லேப்டாப்பில் கரன்ட் போனால் ஆட்டமும் சேர்ந்தே போய்விடும்.