அரைப்பேரும் மங்கல் தொடையும்

மங்கல் தொடைக் கோட்பாடு பற்றி நமது பல்கலைக்கழகச் சூழலில் இரு கருத்துகள் நிலவுகின்றன. அது கணிதத்தின் கண்டிப்பைக் கைவிட்டோரின் புகலிடம் என்பது ஒன்று. அது சலவை இயந்திரத்துக்கும் சோறாக்கும் மின்பானைக்கும் உரிய வெறும் பொறியியல் உத்தி என்பது மற்றையது. முன்னதைத் தூய கணிதத்தார் சிலரும் பின்னதைப் பொறியியலார் சிலரும் சொல்லி வருகின்றனர். இரண்டும் தவறானவை என்பது எமது துணிபு. தவறானவை மட்டுமல்ல, மலையகத் தோட்டங்களில் நாள்தோறும் நிகழும் ஓர் அநீதியின் வடிவத்தை அவை நமது கண்ணுக்கு மறைத்தும் விடுகின்றன.

கோட்பாட்டின் அடிப்படை எளிது. வழக்கமான கணிதத்தில் ஒரு பொருள் ஒரு தொடைக்குள் இருக்கும், அல்லது இராது. பாக்கு நகரிற் பிறந்து, கலிபோர்னியாவின் பேர்க்கிளிப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்பித்த லொத்ஃபி சாதே என்பார் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இந்த இருமையைத் தளர்த்தினார். ஒரு மூலகம் ஒரு தொடைக்கு எவ்வளவு உரியது என்பதைப் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணாற் குறிக்கலாம் என்றார். ஆங்கிலத்தில் 'ஃபஸி' எனப்படும் இதனை இங்கு மங்கல் என்கிறோம். வேறு பெயர்களும் வழங்குகின்றன. பெயர்ச் சண்டைக்கு இது இடமன்று. கடல் மட்டத்திலிருந்து 1200 மீற்றருக்கு மேல் விளைவதை உயர்நிலத் தேயிலை என வகுப்பது வணிக வழக்கு. ஹற்றன் நகரம் ஏறத்தாழ 1270 மீற்றரில் உள்ளது. அதிலிருந்து சற்றுக் கீழிறங்கினால் 1201 மீற்றரில் நிற்கும் செடி உயர்நிலச் செடி. அதே சரிவில் 1199 மீற்றரில் நிற்பது அன்று. இரண்டுக்கும் மேல் ஒரே மூடுபனிதான் படர்கிறது. இவ்வகைக் கோடுகளைப் பற்றித்தான் சாதே கேள்வி எழுப்பினார்.

இது சிந்தனைச் சோம்பலுக்குத் தரும் சலுகை என்பது பழைய குற்றச்சாட்டு. கட்டுப்பாட்டுப் பொறியியலின் முன்னோடிகளுள் ஒருவரான ருடொல்ப் கல்மான் 1972இலேயே இக்கருத்துப்படக் கடுமையாகப் பேசினார். தமிழிலக்கணம் கற்றோர் இக்குற்றச்சாட்டைக் கண்டு மருளத் தேவையில்லை. குற்றியலுகரத்தை நோக்குக. சொல்லின் இறுதியில் நிற்கும் உகரம் ஒலிக்கிறதா, ஒலிக்கவில்லையா என்று நம் இலக்கணிகள் வழக்காடிக்கொண்டிருக்கவில்லை. அதற்கு அரை மாத்திரை தந்தனர். மகரக் குறுக்கத்துக்குக் கால் மாத்திரை தந்தனர். எந்த இடத்தில், எந்த எழுத்தை ஊர்ந்து, எவ்வாறு குறுகும் என்பதற்கு அவர்கள் வகுத்த விதிகளோ அணுவளவும் குழப்பமற்றவை. குறுகிய ஒலியைப் பற்றிய விதி குறுகிய விதியன்று. அவ்வாறே மங்கலான பொருளைப் பற்றிய கணிதமும் மங்கலான கணிதம் ஆகாது.

இன்னொரு மறுப்பு நிகழ்தகவாளரிடமிருந்து வருகிறது. ஐயத்தை அளக்க நிகழ்தகவு போதுமே என்கின்றனர். நாளை நுவரெலியாவில் மூடுபனி இறங்குமா என்பது நிகழ்தகவுக்குரிய வினா. நாளை விடிந்தால் விடை தெரிந்துவிடும். இன்று கண்முன் படர்ந்திருப்பதை மூடுபனி என்பதா, மெல்லிய புகார் என்பதா என்ற வினாவுக்கு எத்தனை நாள் காத்திருந்தாலும் புதிய விடை வராது. அங்கு குறைவது தகவலன்று. சொல்லின் எல்லையே அப்படிப்பட்டது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைப்பவர்களே உண்மையில் தெளிவைக் கைவிட்டவர்கள்.

இனிக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குச் செல்வோம். பொகவந்தலாவையிலோ தலவாக்கலையிலோ மலையில் நின்று கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் பகற்பொழுது தராசில் முடிவடைகின்றது. நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய நிறையைத் தோட்ட நிருவாகம் விதிக்கின்றது. அது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். 18 கிலோ என்று கொள்வோம். எட்டியவளுக்குச் செக்றோலில் ஒரு பேர் விழும். எட்டாதவளுக்கு அரைப்பேர். தோட்டத் தமிழில் பேர் என்பது ஒரு நாட் கூலி. மனிதரின் பெயரே கூலியின் அலகாகிவிட்ட அச்சொல்லின் வரலாறு தனியே ஆராயத்தக்கது. நமக்கு இங்கு வேண்டியது 'அரை' என்னும் அடைமொழி. சாதேயின் கட்டுரையை எவரும் படித்திராத இடத்தில், 0.5 என்னும் உறுப்புரிமை நாள்தோறும் ஏட்டில் எழுதப்படுகின்றது!

ஆயின் இந்த அரை, மங்கல் கணிதத்தின் அரையன்று. பதினேழரைக் கிலோவுக்கும் அரை. பத்துக் கிலோவுக்கும் அரை. சரிவான பாதை இருக்க வேண்டிய இடத்தில் செங்குத்தான ஒற்றைப் படி நிற்கிறது. ஒரு குவியலிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்தால் எந்த மணியோடு அது குவியல் அல்லாதாகும் என்று பண்டைக் கிரேக்கர் புதிர் போட்டனர். தோட்டத்தில் அப்புதிருக்கு விடை உண்டு. பதினெட்டாவது கிலோவை நிறைவுசெய்யும் கடைசி ஒரு பிடி கொழுந்தின் விலை அரை நாட் கூலி. அதற்கு முன் பறித்த நூறு பிடிகளுக்கு அந்த விலை இல்லை.

அதே தராசில் மற்றுமொரு கணக்கும் நிகழ்கிறது. கொழுந்து ஈரமாயிருக்கிறது, கழி. சாக்கின் நிறை, கழி. முற்றிய இலை கலந்திருக்கிறது, கழி. ஈரம் எத்தனை கிராம் என்று அங்கு எவரும் அளப்பதில்லை. கண்ணாற் பார்த்துக் 'கொஞ்சம் அதிகம்' என்பர். அந்தக் 'கொஞ்சம் அதிகம்' இரண்டு கிலோவாக உருவெடுக்கும். மழை மலையின் இயல்பாயிருக்க, அதன் நிறை மட்டும் பறிப்பவளின் குற்றமாகிறது.

எமது குற்றச்சாட்டு இதுதான். தோட்டம் துல்லியத்தையும் மங்கலையும் ஒருசேரக் கையாள்கிறது. கழிக்கும்போது மங்கல், கொடுக்கும்போது துல்லியம். நீரின் நிறை 'ஏறக்குறைய' இரண்டு கிலோ ஆகலாம். ஆனால் பதினேழரைக் கிலோ 'ஏறக்குறைய' பதினெட்டு ஆகாது. எந்த இடத்தில் எந்தத் தருக்கம் செல்லும் என்பதைத் தராசைப் பிடித்திருப்பவரே தீர்மானிக்கிறார். இதனை வெறும் கணக்குப் பிழையென்று கருதுவோர், பிழைகள் யாவும் ஏன் ஒரே திசையிற் சாய்கின்றன என்பதற்கு விடை கூறவேண்டும்.

கூட்டு ஒப்பந்தங்களிலும் இச்செங்குத்துப் படி இருந்தது. 2013ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நாட் கூலி 620 ரூபா; அதில் அடிப்படைச் சம்பளம் 450, விலைப்பங்குக் கொடுப்பனவு 30, வரவு ஊக்குவிப்பு 140. வேலை வழங்கப்பட்ட நாட்களில் நூற்றுக்கு 75 பங்கு சமுகமளித்தோர்க்கே அந்த 140 ரூபா உண்டு. மாதம் 25 நாள் வேலை வழங்கப்பட்டதாகக் கொள்வோம். பத்தொன்பது நாள் வந்தவள் 11,780 ரூபா பெறுவாள். பதினெட்டு நாள் வந்தவள் 8,640 ரூபா பெறுவாள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட அந்த ஒரு நாளின் விலை 3,140 ரூபா. அஃதாவது ஐந்து நாட் கூலிக்கும் மேல். நூற்றுக்கு 72 பங்கு வந்தவள் 'ஒழுங்காக வந்தோர்' என்னும் தொடைக்கு முற்றிலும் அந்நியமானவளா? ஐம்பதில் பூச்சியமும் எழுபத்தைந்தில் ஒன்றுமாக ஒரு நேர்கோட்டுச் சார்பை வரைந்தால் அவளது உறுப்புரிமை 0.88; ஊக்குவிப்பு நாளொன்றுக்கு 123 ரூபா. பாடசாலைக் கணிதம் அறிந்த எந்த எழுதுவினைஞரும் செய்யக்கூடிய கணக்கு இது. 2019ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வரவு ஊக்குவிப்பு நீங்கியது. 2021இல் சம்பளச் சபையின் வழி 1000 ரூபா நாட்சம்பளம் வந்ததும், கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. கொழுந்தின் அளவு உயர்த்தப்படுகிறது, அரைப்பேர் பெருகுகிறது என்ற முறைப்பாடுகள் எழுந்தன. படி ஓரிடத்தில் அகற்றப்பட, வேறோரிடத்தில் உயர்ந்தது.

'அப்படியாயின் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடலாமே. சரிவு வேண்டுமென்றால் அதைவிடச் சீரான சரிவு ஏது?' என்று கம்பனித் தரப்பார் மகிழ்ச்சியோடு கேட்பர். இக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிடக் கூடாது; தொழிற்சங்கங்கள் அஞ்சுவதும் இதற்கே. கொழுந்து குறைந்த வறட்சி மாதத்தில், செடி முதிர்ந்துபோன மலையில், கிலோக் கணக்கு எவரைப் பட்டினி போடும் என்பது அவர்களுக்குத் தெரியும். எமது விடை இது: சரிவாக இருப்பதனால் மட்டும் ஒரு சார்பு நீதியானதாகிவிடாது. அது எங்கே தொடங்குகிறது, எதற்குக் கீழே இறங்காது, எங்கே ஒன்றை எட்டுகிறது என்பனவே வினா. சமுகமளித்த நாளுக்குரிய முழுச் சம்பளம் தளம். சரிவு அதற்கு மேலேதான் எழ வேண்டும். சாதேயின் கோட்பாடு இந்த எல்லைகளைத் தானாக வகுத்துத் தருவதில்லை. அவற்றை மனிதர் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதை மறைக்காமல் சொல்வதே அதன் நேர்மை. 18 என்னும் எண் வானத்திலிருந்து இறங்கியது போலக் காட்டும் பழைய தருக்கத்துக்கு அந்த நேர்மை இல்லை.

சொற்களால் ஆன அறிவு அறிவாகாது என்போர் தோட்டத்தின் மறுபுறத்தைப் பார்க்கட்டும். கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. அங்கு விலைக்கு அடிப்படையாவது சுவைஞரின் நாக்கு. 'சுறுசுறுப்பு', 'ஒளி', 'திடம்' என்ற பொருள்படும் சொற்களில் அவர் எழுதும் குறிப்பை நம்பிக் கோடிக்கணக்கான ரூபா கைமாறுகிறது. தொழிற்சாலையில் இலை போதியளவு புளித்துவிட்டதா என்பதை டீமேக்கர் மணத்தாலும் நிறத்தாலும் முடிவுசெய்கிறார். இலண்டன் குயீன் மேரிக் கல்லூரியில் இப்ராஹிம் மம்தானியும் அவரது மாணவரும் 1970களின் நடுப்பகுதியில் ஒரு சிறிய நீராவி எந்திரத்தை இத்தகைய சொல்விதிகளாலேயே இயக்கிக் காட்டினர். 1987இல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயில் அவ்வழியில் ஓடத் தொடங்கியது. சுவைஞரின் நாக்குக்கும் டீமேக்கரின் மூக்குக்கும் நிபுணத்துவம் என்று பெயர். எந்தக் கொழுந்து இன்று பறிக்கத்தக்கது, எது இன்னும் நான்கு நாள் நிற்கவேண்டியது என்று கணப்பொழுதில் தேரும் பெண்ணின் விரலுக்கு மட்டும் பழக்கம் என்று பெயர்.

இக்கோட்பாட்டைப் பரிந்துரைப்போர் அதன் எல்லையையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். மலையக மக்களுக்கு இது நூற்கல்வி சார்ந்த எச்சரிக்கையன்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையின் அல்லது பாட்டன், முப்பாட்டனின் பிறப்பிடத்துக்குச் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முந்திய இடையறாத வதிவாக மணமானோரிடம் ஏழாண்டும் மணமாகாதோரிடம் பத்தாண்டும் கேட்டது. பிறப்புப் பதிவையே ஒழுங்காகக் காணாத லயங்களில் வாழ்ந்தோரிடம் கூர்மையான பத்திரம் கோரப்பட்டது. வாழ்வு ஒரு மண்ணில் வேரூன்றியது என்பதற்கான சான்று இயல்பிலேயே படியளவானது. அங்கு மங்கல் தருக்கம் தேவைப்பட்டது, மறுக்கப்பட்டது. பின் 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை வந்தது. 975,000 பேர், 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றனர். வகுத்தற் கணக்கின் மீதியைப் போல மனிதரை வைத்தனர். பத்தாண்டுகள் கழித்து, 1974இல், அம்மீதியையும் சரிபாதியாக வெட்டினர். எஞ்சியிருந்தோர்க்குச் சட்டத்தின் கதவு முறையாகத் திறக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

இங்கு எவராவது, 'உறுப்புரிமை அளவு' என்னும் எண்ணத்தை எடுத்துக்கொண்டு, இம்மக்கள் இந்நாட்டுக்கு 0.6 அளவு உரியவர்கள் என்று கூறத் துணிந்தால் அவரை வன்மையாக எதிர்க்க வேண்டும். குடியுரிமையில் அரைப்பேர் கிடையாது. சான்று படியளவானதாக இருக்கலாம்; அச்சான்றிலிருந்து பிறக்கும் உரிமை பூச்சியமோ ஒன்றோ ஆகும். ஐயம் நேருமிடத்து ஒன்றே ஆகும். எல்லாமே மங்கல்தான் என்று கையை விரிக்கும் நாகரிகத் தத்துவங்களுக்கும் எமது வாதத்துக்கும் உறவில்லை.

உயிர் சம்பந்தப்பட்ட இடத்திலும் ஈற்றில் ஒரு முடிவு வேண்டும். மண்சரிவு அவ்வகையது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு நாள் மழை 75, 100, 150 மில்லிமீற்றரைக் கடக்கும்போது மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கின்றது. மூன்றாவது படி வெளியேற்றம். ஊவாப் பக்கத்தில், கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தை 2014 ஒக்டோபர் 29இல் மண் மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அறிவு படிப்படியாக வந்தது. லயங்கள் அங்கேயே இருந்தன. ஹற்றன், நுவரெலியாப் பக்கத்துச் சரிவுகளில் நிற்கும் லயங்களுக்கும் இது பொருந்தும். ஊற்றுநீர் கலங்குதல், மரம் சாய்தல், நிலம் வெடித்தல் என்பன மண்சரிவின் முன்னறிகுறிகளாகப் பிரசுரங்களில் அச்சிடப்படுகின்றன. இவற்றுள் ஒன்றேனும் மில்லிமீற்றரில் அளக்கப்படுவதன்று. மழைமானி ஓரிடத்தில் நிற்கிறது; லயங்கள் பத்துச் சரிவுகளில் நிற்கின்றன. மானி 149 காட்டும் இரவில், மேற்சரிவில் வெடிப்புக் கண்டதாகச் சொல்லும் ஒரு தாயின் வார்த்தைக்கும் நிறை தந்து, எந்த லயத்தை முதலில் வெளியேற்றுவது என்று கூறும் விதித்தொகுதியை எழுதுவதற்கு மம்தானியின் முறைக்கு மேல் எதுவும் தேவையில்லை. கணிதத் துறையின் மூன்றாம் வருட மாணவர் இருவர், தோட்டத்தில் வளர்ந்தவராயின் இன்னும் நன்று, ஒரு விடுமுறைக் காலத்தில் அதைத் தொடங்கலாம்.