நின்னு போன கேமராவை வாங்கலாமா?

போன மாசம் முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல ஊருக்கு வந்து எறங்கினதும் கூட்டாளி கேட்டது இதுதான்: "லேய், டி500ஐ குடுக்கப் போறேன். நீ எடுத்துக்கிடுதியா?"

அவனுக்குத் துபாய்ல வேலை. நிக்கான் டி500 பாடி 48,000, 200-500 லென்ஸ் 48,000. ஆக மொத்தம் என் போனஸ் காலி. ராத்திரி சாப்பிடும்போது அம்மாகிட்ட மெதுவா ஆரம்பிச்சேன். "இப்ப அந்த மாடல் வாரதில்லம்மா, அதான் விலை கம்மி" என்று சொல்லித் தொலைத்தேன். "நின்னு போன சாமானுக்கு எதுக்குல இம்புட்டு ரூவா?" அதோடு பேச்சு முடிந்தது :-)

அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். ஒரு வாரம் யோசிச்சேன்.

2016ல வந்த கேமரா, 2022ல நிறுத்திட்டாங்க. ஏன் நிறுத்தினாங்க? படம் மோசமா வந்ததால இல்ல. மொத்தத் தொழிலும் மிரர்லெஸ் பக்கம் போயிடுச்சு. நொடிக்கு 10 படம், 153 ஃபோகஸ் பாயிண்ட், 20.9 மெகாபிக்சல், இதெல்லாம் 2022ல ராத்திரியோட ராத்திரியா குறைஞ்சு போகல. உப்பளப் பாத்தியில நிக்கிற பூநாரைக்கு நான் எந்த வருஷத்து மாடல் வெச்சிருக்கேன்னு தெரியவா போகுது?

ஆனா நின்னு போன பொருள்ல நாலு விஷயம் பாக்கணும்.

பேட்டரி: ஈஎன்-ஈஎல்15 வகை. அதே வகையைப் புது நிக்கான் மாடல்கள்லயும் போடுறாங்க. கவலை இல்ல.

கார்டு: ஒரு பக்கம் எக்ஸ்க்யூடி, இன்னொரு பக்கம் சாதா எஸ்டி. எக்ஸ்க்யூடி கார்டு கிடைக்கலைன்னாலும், பின்னால வந்த ஃபர்ம்வேர் போட்டா சிஎஃப் எக்ஸ்பிரஸ் டைப் பி கார்டு வேலை செய்யும்.

லென்ஸ்: எஃப் மவுண்ட் 1959லேர்ந்து இருக்கு. பழைய லென்ஸ் கொட்டிக் கிடக்கு. நாளைக்கு மிரர்லெஸ் வாங்கினாலும் இந்த 200-500ஐ அடாப்டர் போட்டு மாட்டிக்கலாம். அதனால லென்ஸுக்குக் குடுக்குற 48,000 வீண் இல்ல.

நாலாவது ரிப்பேர். இடிக்கிறது இங்கதான்.

என் முதல் கேமரா கதை தெரியுமா? முதல் சம்பளத்துல வாங்கினது. உப்பளத்துல காத்து வீசும்போது லென்ஸ் மாத்தினேன், வீட்டுக்கு வந்து அப்படியே துணிப் பையில போட்டு வெச்சேன். ஆறே மாசம். லென்ஸுக்குள்ள பூஞ்சை, பேட்டரி போடுற இடத்துல பச்சைப் பச்சையா. சென்னையில ஒரு கடையில காட்டினா, "போர்டு போயிருச்சு தம்பி, இதுக்குப் பார்ட் வராது" என்று திருப்பிக் குடுத்துட்டாங்க. தூத்துக்குடிக்காரன் எனக்கு உப்பைப் பத்தி இன்னொருத்தர் சொல்லித்தர வேண்டியிருந்தது!

"அப்ப புதுசு வாங்கு, வாரண்டி இருக்கும்ல" என்பீர்கள். 2024 கடைசியில வந்த இசட்50 டூ நல்ல கேமரா. பறவையைத் தானா கண்டுபிடிச்சு ஃபோகஸ் பண்ணும். டி500ல அந்த வேலையை நாமதான் செய்யணும். ஆனா உப்பு, ஈரம் ஏறிக் கெட்டதுக்குப் பொதுவா எந்த வாரண்டியும் கை குடுக்காது. நம்ம ஊர்ல கேமராவுக்கு வர்ற முக்கால்வாசி சாவு அதுதான். அப்புறம் வாரண்டிக்குன்னு எதுக்குக் கூடக் காசு?

இன்னொண்ணு, இஎம்ஐ. நான் ஆபீஸ்ல பாக்குற சாஃப்ட்வேருக்கு அடுத்த வருஷத்தோட சப்போர்ட் நிறுத்துறாங்க. டீம்ல பாதி பேர் ஏற்கனவே கிளம்பியாச்சு. அதனால "நின்னு போன சாமான்"னு அம்மா சொன்னப்ப எனக்குச் சுருக்குன்னு இருந்தது. இந்த நிலைமையில மாசாமாசம் தவணை கட்டுற தைரியம் எனக்கில்ல.

கடைசியா நான் வந்து சேர்ந்த கணக்கு இதுதான்: நின்னு போன கேமராவுக்கு ரிப்பேரே கிடையாதுன்னு வெச்சுக்கிட்டு விலை போடணும். 48,000 ரூபா, நாலு வருஷம் உழைச்சா மாசம் ஆயிரம். நாலு வருஷம் கழிச்சு அது செத்தா அழக்கூடாது. அப்படி அழாம இருக்க முடியும்னா வாங்கலாம். "பின்னால நல்ல விலைக்குத் தள்ளிடலாம்"னு நெனச்சா வாங்கவே கூடாது.

நம்ம ஊர்ல முத்துக்குளிப்பு கடைசியா நடந்தது 1961ல. சிப்பி இல்லாமப் போச்சு, நின்னு போச்சு. மூச்சடக்கி முங்குற கை நிக்கல, சங்கு எடுக்கப் போயிடுச்சு. என் வேலையைப் பத்தி யோசிக்கும்போதும் இதைத்தான் நெனச்சுக்கறேன்.

ஆக, எடுத்துட்டேன். எடுக்கும் முன்னாடி பாத்தது: ஷட்டர் எண்ணிக்கை (2,00,000 வரைக்கும் சோதிச்ச ஷட்டர், இது 61,000 ஓடியிருந்தது), திருகுகள்ல துரு, கார்டு ஸ்லாட் பின்கள், டார்ச் அடிச்சு லென்ஸுக்குள்ள பூஞ்சை, வெள்ளைச் சுவரை எஃப்16ல எடுத்து சென்சார் அழுக்கு. இப்ப அது குடியிருக்கிறது காத்துப் புகாத டப்பாவுல, சிலிக்கா ஜெல்லோட. உப்பளம் போய் வந்தா முதல்ல ஈரத்துணி, அப்புறம் காஞ்ச துணி, அப்புறம்தான் எனக்குக் காப்பி.

டிஸ்கி: அம்மாகிட்ட விலையைப் பாதியாச் சொல்லியிருக்கேன். ஊர்க்காரங்க யாராவது போட்டுக் குடுத்துராதீங்க.