தூணுக்கு ஆகாது, விரிசலுக்கு ஆகும்

"பாக்டீரியாவே செங்கல் செய்துவிடும், இனி சிமெண்டே வேண்டாம்" என்ற பேச்சு கொஞ்ச காலமாகப் பலமாக அடிபடுகிறது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்ட் கணக்கில் வருவதால் அந்த ஆசை புரிகிறது. கணக்குதான் உதைக்கிறது.

'சூளை இல்லை, ஆகவே மாசு இல்லை' என்கிறார்கள். முதல் பாதி உண்மை. ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி என்ற மண் பாக்டீரியாவை மணலில் கலந்து, யூரியாவும் கால்சியம் குளோரைடும் கரைத்த நீரை ஊற்றினால், அது யூரியாவை உடைத்து மணல் துகள்களுக்கு நடுவே கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தைப் படியவைத்து அவற்றைக் கல்லாகப் பிணைக்கும். சிமெண்டுக்குச் சுமார் 1,450 டிகிரி வெப்பம் வேண்டும். இதற்கு அடுப்பே வேண்டாம். ஆனால் 100 கிலோ கால்சைட்டுக்கு 60 கிலோ யூரியா போகும். உரக்கடையின் 45 கிலோ மூட்டையில் ஒன்றே காலுக்கும் மேல்! அந்த யூரியாவையும் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோதான் ஆலைகள் தயாரிக்கின்றன. வேலை முடிந்ததும் 107 கிலோ அம்மோனியம் குளோரைடு மிஞ்சும். கல்லைக் கழுவிய நீரை அப்படியே வாய்க்காலில் விட்டால் மீன் செத்து மிதக்கும். கல்லில் பெரும்பங்கு மணல்தான் என்றாலும், இந்தச் செலவைச் சொல்லாமல் 'பசுமை' என்று பட்டம் கட்டுவது நியாயமில்லை.

'வீடே கட்டலாம்' என்பது அடுத்தது. சுவர் எழுப்பலாம், தூணும் உத்தரமும் போட முடியாது. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பது சிமெண்டின் கடும் காரத்தன்மையால். அதன் பி.எச். 12.5ஐ ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். பாக்டீரியா பிணைத்த மணலில் 9 அளவில்தான். போதாக்குறைக்கு மிச்சக் குளோரைடு வேறு. உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் கம்பி என்னாகும் என்று எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார்.

(கிருமியால் நோய் வரும் என்ற எதிர்த்தரப்புப் பயமும் வீண். நோய் தராத பாக்டீரியா அது.)

'தானே ஆறும் கான்கிரீட் வந்துவிட்டதே' என்பார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யோங்கர்ஸ் உருவாக்கிய அது சிமெண்டுக்கு மாற்று அல்ல. சிமெண்ட் கலவைக்குள்ளேயே பேசிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளையும் கால்சியம் லாக்டேட்டையும் சேர்க்கிறார்கள். விரிசலில் நீர் இறங்கியதும் வித்து விழித்து, லாக்டேட்டைத் தின்று, சுண்ணாம்புக்கல்லால் அடைக்கும். சுமார் 0.8 மில்லிமீட்டர் அகலம் வரைதான். அஸ்திவாரம் இறங்கிப் பிளந்த சுவரை அது ஒட்டாது, கசிவை நிறுத்தும். இங்கே யூரியாவும் இல்லை, அம்மோனியாவும் இல்லை. தண்ணீர்த் தொட்டியிலும் சுரங்கப்பாதையிலும் கம்பிக்கு ஈரம் எட்டாமல் பார்த்துக்கொண்டால், இடித்துக் கட்டும் நாள் தள்ளிப்போகும், அதற்கான சிமெண்டும் மிச்சம். செங்கலைவிட எனக்கு நம்பிக்கை தருவது இதுதான்.