தணிந்த குரலும் பூட்டிய குரலும்
அமெரிக்காவில் காவல், தீயணைப்புத் துறைகளின் பழைய வானொலித் தடங்களுள் பெரும்பாலானவை 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்திலிருந்து 12.5 கிலோஹெர்ட்ஸாகக் குறுக, 2013 ஜனவரி 1 கெடுவாக இருந்தது. அலைவரிசை நெரிசலுக்கு அது நியாயமான தீர்வு. வீட்டில் ஸ்கேனர் வைத்துக் கேட்கும் ஆர்வலர்கள் அஞ்சியதுபோல் எதுவும் மௌனமாகிவிடவில்லை. அலையின் அதிர்வெண் விலக்கம் பாதியானதால் பழைய பெட்டிகளில் குரல் தணிந்தது. ஒலியைக் கூட்டிக் கேட்டார்கள், அவ்வளவுதான். பேச்சைப் பிறர் கேட்க முடியாதபடி மாற்றும் குறியாக்கம் அப்படியல்ல, காதையே பூட்டிவிடுகிறது. நியூயார்க் காவல்துறை 2023-இல் அந்தப் பூட்டைப் போடத் தொடங்கியது. செய்தியாளரும் தன்னார்வலரும் சம்பவ இடத்துக்கு விரைந்ததே இந்த வானொலிக் குரல்களைக் கேட்டுத்தான். தனிமனிதர் விவரங்களை மறையுங்கள். தீயணைப்பு அழைப்புகளையும் அன்றாட ரோந்துப் பேச்சையும் மக்கள் காதுக்குத் திறந்தே வையுங்கள்.